அச்சமும் உவகையும்: ரோலர் கோஸ்டரின் கதை



தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துச் சொல்கிறார். அவற்றுள் அச்சமும் ஒன்று, உவகையும் ஒன்று. அச்சம் எவற்றால் பிறக்கும் என்பதற்கும் அவரிடம் கணக்கு உண்டு. வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், அரசர் என நான்கினை அவர் சுட்டுவார். உவகைக்கும் அவ்வாறே நான்கு காரணம் கூறி, அவற்றுள் ஒன்றாக விளையாட்டை வைப்பார். தெய்வமோ விலங்கோ கள்வரோ அரசரோ எதிரில் இல்லாதபோதும், காசு கொடுத்து, வரிசையில் ஒரு மணி நேரம் காத்து நின்று, அச்சத்தை வாங்கிக்கொள்ளும் மனிதர் பிற்காலத்தில் தோன்றினார்கள். அவர்களை அச்சத்தின் பக்கத்திலே இருத்துவதா, உவகையின் பக்கத்திலே இருத்துவதா? இன்றைய உரையில் நாம் பார்க்கப்போகும் வண்டியின் கதை இந்தக் கேள்விக்கு ஒருவாறு விடை தருகிறது.

அந்த வண்டிக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இன்னும் அமையவில்லை. ஆகவே ரோலர் கோஸ்டர் என்றே சொல்லி வருகிறோம். பெயர் விடயத்திலே பிற மொழியாளரும் ஒரு வேடிக்கையில் அகப்பட்டவர்களே. பிரெஞ்சு, ஸ்பானிய, இத்தாலிய மொழிகளில் இதன் பெயர் 'ருஷ்ய மலை'. ருஷ்யரோ இதனை 'அமெரிக்கக் குன்றுகள்' என்கின்றனர். இவர் அவரைக் கைகாட்ட, அவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார். வரலாற்றைப் பார்த்தால் இரண்டு கைகளுமே சரியான திசையைத்தான் காட்டுகின்றன என்பது புலப்படும்.

ருஷ்யாவிலே குளிர்காலம் நீண்டது. பதினேழாம் நூற்றாண்டில் அந்நாட்டு மக்கள் மரத்தால் உயர்ந்த மேடைகளை எழுப்பி, அவற்றின் சரிவிலே பலகை பரப்பி, அதன்மேல் தண்ணீர் ஊற்றி உறையவிட்டனர். சில சறுக்குகள் 70, 80 அடி உயரம் இருந்தன. படியேறி மேலே சென்று, சறுக்குப் பலகையிலோ குடைந்தெடுத்த பனிக்கட்டியிலோ அமர்ந்து, கண்மூடித் திறப்பதற்குள் கீழே வந்து சேர்வார்கள். வேகத்தைத் தணிப்பதற்குச் சரிவின் முடிவில் மணல் தூவப்பட்டிருக்கும். குடியானவரும் சறுக்கினர், கோமகளிரும் சறுக்கினர். பேரரசி கதரீனுக்கு இந்த விளையாட்டில் தனி ஈடுபாடு. சென். பீற்றர்ஸ்பேர்க் நகருக்கு அருகே ஒரானியன்பாம் என்ற இடத்தில், கோடையிலும் ஓடக்கூடிய சில்லு வண்டிகளுடன் ஒரு சறுக்குமலை அவருக்காக அமைக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் றினால்டி 1762இற்கும் 1774இற்கும் இடையில் அங்கு எழுப்பிய மண்டபம் இன்றும் நிற்கிறது. மலை மாத்திரம் மறைந்துவிட்டது.

1817இல் இவ்விளையாட்டு பாரிஸ் நகரில் புதுக்கோலம் பூண்டது. பெல்வில், போஜோன் என்னும் இரண்டு இடங்களில் சறுக்குமலைகள் எழுந்தன. பனி உறையாத நாட்டிலே சில்லுதான் துணை. வண்டி பாதையை விட்டு விலகாதபடி அதன் அச்சுகள் பாதையோரப் பள்ளத்திலே பொருத்தப்பட்டன. ஓடவிடுவது மட்டும் போதாது, பிடித்து வைக்கவும் வேண்டும் என்ற எண்ணம் இங்கே அரும்புகிறது. இந்த எண்ணமே நம் கதையின் உயிர்நாடி.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே கதை தொடங்குவது களியாட்டத்தில் அன்று; நிலக்கரியில். பென்சில்வேனியா மாநிலத்திலே மலைமேல் இருந்த சுரங்கத்திலிருந்து மோச் சங்க் என்னும் ஊருக்கு நிலக்கரி கொண்டுவர 1827இல் ஒன்பது மைல் தண்டவாளம் போடப்பட்டது. கரி ஏற்றிய வண்டிகள் புவியீர்ப்பினாலே தாமாகக் கீழே உருண்டு வரும். வெறும் வண்டிகளை மேலே இழுத்துச் செல்வது கோவேறு கழுதைகளின் வேலை. அக்கழுதைகளும் கீழே வரும்போது தமக்கென ஒரு வண்டியில் ஏறியே வந்தன. சில நாட் பழக்கத்தின் பின், கீழ்நோக்கி நடந்து செல்லும்படி விரட்டினாலும் அவை நடக்க மறுத்துவிட்டன என்பர். சுகம் கண்ட பிராணி! பின்னர் மேலிழுக்கும் வேலையை நீராவி யந்திரம் ஏற்றது. 1870களில் கரிக்கு வேறு பாதை கிடைத்ததும், இந்தப் பழைய பாதை உல்லாசப் பிரயாணிகளுக்கே உரியதாயிற்று. 1933 வரை அது ஓடியது.

அந்தப் பாதையைக் கண்டு ஊக்கம் பெற்றவர் எனச் சொல்லப்படுபவர் லாமார்க்கஸ் தொம்சன். காலுறை உற்பத்தியிலே பொருள் ஈட்டியவர். ஞாயிறு பாடசாலையில் கற்பித்தவர். மதுச்சாலையிலும் தீய இடங்களிலும் பொழுதைக் கழிக்கும் இளைஞருக்கு மாசற்ற ஒரு பொழுதுபோக்கைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் அவா. 1884 ஜூன் மாதத்தில் நியூயோர்க் நகரின் கோனி ஐலண்ட் கடற்கரையில் அவருடைய வண்டி ஓடத் தொடங்கியது. பாதையின் நீளம் 600 அடி. கட்டணம் ஐந்து சதம். வேகம் மணிக்கு ஆறு மைல். இன்று துவிச்சக்கர வண்டி ஓட்டும் சிறுவன் கூட இதனை முந்திவிடுவான். ஆயினும் சனம் அலைமோதியது. போட்ட பணம் சில வாரங்களிலேயே திரும்பி வந்துவிட்டது. அடுத்த ஆண்டிலேயே பிலிப் ஹிங்கிள் என்பவர் வண்டியைச் சங்கிலியால் மேலே இழுக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

சனம் கூடிய இடத்திலே போட்டியும் கூடும். 1895இல் அதே கோனி ஐலண்டில், தலைகீழாகச் சுழன்று வரும் வண்டியொன்று தோன்றியது. ஆனால் அதன் வளையம் முழு வட்டமாக அமைந்தது. வட்டத்துள் நுழையும் கணத்தில் உடலின் மீது பன்மடங்கு சுமை திடீரென விழும். ஏறியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். 1901இல் எட்வின் பிரெஸ்கொற் நீள்வட்ட வளையம் அமைத்து அந்த நோவைக் குறைத்தார். ஆயினும் ஏறுவோரைவிட, காசு கொடுத்து உள்ளே வந்து வேடிக்கை பார்ப்போரே அதிகம். அச்சம் உண்டு, நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாத இடத்தில் மனிதன் பார்வையாளனாகவே நின்றுவிடுகிறான்.

அந்த நம்பிக்கையைத் தேடிக் கொடுத்தவர் ஜோன் மில்லர். ரோலர் கோஸ்டர் இரசிகர்கள் இவரைத் தம் ஆதிகுருவாகவே போற்றுகின்றனர். இவருடைய ஆக்கங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். வண்டி முதற் குன்றில் ஏறும்போது 'டக், டக், டக்' என்று ஓர் ஓசை கேட்கும். கேட்போர் நெஞ்சை அது பிசையும். உண்மையில் அந்த ஓசை காவலின் ஓசை. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாதபடி, ஒரு கொழுவி படிபடியாகப் பல்லிலே விழுந்து பிடித்துக்கொண்டு வருகிறது. இவ்வகைக் கொழுவிக்கு மில்லர் 1910இல் ஆக்கவுரிமை பெற்றார். மற்றையது தண்டவாளத்தின் அடிப்புறத்தைப் பற்றி ஓடும் சில்லு. அதற்கு உரிமை பெற்றது 1919இல். மேலே ஒரு சில்லு, பக்கத்திலே ஒரு சில்லு, கீழே ஒரு சில்லு என மூன்று பக்கமும் பிடி வந்துவிட்டது. இனி வண்டி எவ்வளவு செங்குத்தாக வீழ்ந்தாலும் பாதையை விட்டுக் கிளம்பாது. பார்ப்போர் கண்ணில் படாத அந்த அடிச்சில்லு வந்த பின்னரே வானளாவிய குன்றுகள் வந்தன. பிடி இறுகியதனாலேதான் பாய்ச்சல் பெருகியது.

இருபதுகள் இந்த வண்டிகளின் பொற்காலம். 1927இல் கோனி ஐலண்டில் கட்டப்பட்ட 'சைக்ளோன்' என்னும் மரக் கோஸ்டர் 85 அடி உயரத்திலிருந்து பாய்ந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டும். பேச்சிழந்திருந்த ஒரு சுரங்கத் தொழிலாளி 1948இல் இதில் ஏறி அலறியதும் குரல் மீண்டது என்று ஒரு செய்தி வழங்குகிறது. பொருளாதார மந்தமும் உலகப் போரும் நூற்றுக்கணக்கான வண்டிகளை விறகாக்கின. சைக்ளோனையும் இடித்துவிட்டு, பக்கத்திலுள்ள மீன்காட்சிச்சாலையை விரிவாக்கும் திட்டம் எழுபதுகளில் எழுந்தது. மக்கள் குரலெழுப்பித் தடுத்தனர். 1988இல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அது அறிவிக்கப்பட்டது. 1978இல் அமெரிக்க இரசிகர்கள் அமைத்த சங்கம் பழைய மர வண்டிகளைக் காப்பதைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. கோயிற் கோபுரத்தையும் பழைய ஏட்டையும் காப்பவர் உண்டு. களியாட்ட வண்டியைக் காப்பவரும் உண்டு.

இதனிடையே மரத்தோடு உருக்கு போட்டியிட வந்தது. 1959இல் டிஸ்னிலான்டிலே உருக்குக் குழாய்த் தண்டவாளத்தில் முதல் வண்டி ஓடியது. 1976இல் ஜேர்மனியப் பொறியியலாளர் வேர்னர் ஸ்டெங்கல் கணித்துக் கொடுத்த வளையத்துடன் ஒரு வண்டி கலிபோர்னியாவில் எழுந்தது. அடியிலே விரிந்தும் உச்சியிலே குறுகியும் கண்ணீர்த்துளி போல அமைந்த வளையம் அது. 1895இல் கழுத்தை முறித்த வித்தை கணிதத்தால் பணிந்தது.

இவ்வண்டிகள் பெரும்பாலானவற்றில் யந்திரம் கிடையாது என்பதை நேயர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். முதற் குன்றின் உச்சியிலே பெற்ற அழுத்தசக்தியே இயக்கசக்தியாக மாறி, முடிவுவரை வண்டியை ஓட்டுகிறது. உராய்வும் காற்றும் அதனைச் சிறிது சிறிதாகப் பறிப்பதால், அடுத்து வரும் குன்றுகள் முதற் குன்றிலும் பார்க்கத் தாழ்ந்தே இருத்தல் வேண்டும். முகட்டைக் கடக்கையில் உடல் மேலே போக எத்தனிக்கும். வண்டி கீழே வளையும். ஒரு கணம் உடல் ஆசனத்தை விட்டுக் கிளம்பும். இரசிகர்கள் தேடிப்போவது அந்தக் கணத்தையே. முன்னாசனமா பின்னாசனமா என்று அவர்கள் பட்டிமன்றமே நடத்துவார்கள். முன்னே இருப்பவர் முகட்டின் விளிம்பிலே தொங்கிப் பள்ளத்தைக் காண்கிறார். பின்னே இருப்பவரையோ, முன்னே வீழும் பெட்டிகள் முகட்டுக்கு மேலாக இழுத்தெறிகின்றன.

நம்பிக்கை பொய்த்தால் என்ன நேரும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இலண்டன் பற்றர்சீ பூங்காவில் 1972 மே 30ஆம் நாள், மேலே இழுக்கப்பட்டுக்கொண்டிருந்த வண்டித்தொடர் இழுவையிலிருந்து விடுபட்டுப் பின்னோக்கி உருண்டது. தடுத்திருக்க வேண்டிய பொறி தடுக்கவில்லை. ஐந்து பிள்ளைகள் மாண்டனர். பின்னோக்கி உருளும் வண்டியைத் தடுக்கும் வழி அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தது. கண்டுபிடிப்பு ஏட்டிலே இருந்தாற் போதாது; நாள்தோறும் அதைப் பரிசோதிக்கும் கையும் கண்ணும் வேண்டும். அந்தப் பூங்காவிலே விளையாட்டு அன்றே அச்சமாகத் திரும்பிவிட்டது.

வாயிலிலேயே மறிக்கப்பட்டவர்கள் கதை வேறு. ஐந்து சதத்துக்கு அனைவருக்கும் இன்பம் என்று தொடங்கிய இந்தக் களியாட்டத்தில், அமெரிக்கப் பூங்காக்கள் பலவற்றில் கறுப்பினத்தவருக்கு இடமிருக்கவில்லை. மார்ட்டின் லூதர் கிங் 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதத்திலே, தொலைக்காட்சியில் விளம்பரமான பூங்காவுக்கு ஏன் போகமுடியாது என்று ஆறு வயது மகளுக்கு விளக்க நேரும் தந்தையின் தவிப்பைக் குறிப்பிடுகிறார். மேரிலாந்து மாநிலத்தின் கிளென் எக்கோ பூங்காவில் 1960இல் மாணவர்கள் மறியல் செய்தனர். அடுத்த ஆண்டு கதவு திறந்தது. அதே மாநிலத்தின் குவின் ஓக் பூங்கா எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட நாள் 1963 ஓகஸ்ட் 28. வாஷிங்டனில் இலட்சக்கணக்கானோர் பேரணி நடத்திய அதே நாள். ஒரு குழந்தை குதிரை இராட்டினத்தில் ஏறுவதற்கு ஒரு சமுதாயம் சிறை செல்ல வேண்டியிருந்தது.

உயரப் போட்டி இன்னும் ஓயவில்லை. 2005இல் நியூ ஜேர்சியில் எழுந்த 'கிங்டா கா' 456 அடி உயரம். மணிக்கு 128 மைல் வேகம். அது 2025 பெப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதற்கு 78 ஆண்டுகள் மூத்த, 85 அடி உயரமே கொண்ட சைக்ளோன் இன்றும் ஓடுகிறது. இந்த இரண்டு எண்களையும் இரசிகர்கள் அடிக்கடி நினைவுகூர்வதுண்டு.

தொல்காப்பியரின் வகுப்புக்கு இனி விடை கூறலாம். பத்திரமாக இறங்குவோம் என்ற உறுதி இருக்கையிலே அச்சம் விளையாட்டாகிறது. விளையாட்டான அச்சம் உவகையின் பக்கம் சேர்கிறது. அந்த உறுதி இல்லாத அச்சத்தை எங்கள் தலைமுறை நன்கு அறியும். பதுங்குகுழியில் இருந்த பிள்ளைக்கு அது விளையாட்டாகவில்லை. எப்போது வெளியே வருவோம் என்று சொல்ல அங்கு எவருமில்லை. ஆகவேதான் உச்சியில் நின்று அலறும் பிள்ளைகளைப் படத்திலே காணும்போது, அந்த அலறலின் அடியிலே சுழலும் சில்லையும், காலையிலே வந்து அதனைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போன தொழிலாளியையும் நான் நினைத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பயப்படக்கூடிய ஓர் இடத்தை அமைத்துக் கொடுப்பது பெரியோர் கடன்.