பதினாறுக்குப் பதினாறு

அப்பா சேர்த்து வைத்திருந்த எல்லைப் போராட்டத் துண்டறிக்கைகளையும் செய்தித்தாள் நறுக்குகளையும் போன வருடம் ஸ்கேன் செய்து ஓர் இணையதளத்தில் ஏற்றினேன். தளத்தை அமைத்துத் தந்தது என் அக்கா மகள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது கேட்டாள்: “மாமா, ஃபேவிகான் என்ன வைக்கிறது?”

“அது இன்னாம்மா?”

“மேல டேப்ல சின்னதா ஒரு படம் வரும் பாருங்க. புக்மார்க் பண்ணாலும் பக்கத்துல அதான் நிக்கும்.”

அந்தப் படத்தைக் கொண்டுவந்தது 1999 மார்ச்சில் வெளியான மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5. அதில் புக்மார்க்குக்குப் பெயர் ‘ஃபேவரிட்ஸ்’; ஃபேவரிட்ஸ் ஐகான் சுருங்கி ஃபேவிகான் ஆயிற்று. ஒருவர் பக்கத்தைக் குறித்துவைத்ததும், ‘ஃபேவிகான் டாட் ஐசிஓ’ என்ற கோப்பு இருக்கிறதா என்று உலாவி தளத்தின் முதல் ஃபோல்டரில் போய்க் கேட்கும். அந்தக் கேள்விகளை எண்ணினால், எத்தனை பேர் குறித்துவைத்தார்கள் என்று தளக்காரருக்கும் தோராயமாகத் தெரிந்துவிடும். பிறகு, பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு ‘லிங்க்’ வரி எழுதி, படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முறை நிலைத்தது. டேப்கள் வந்தபிறகுதான் அதன் அருமை புரிந்தது. இருபது டேப் திறந்தால் தலைப்பெல்லாம் நசுங்கி, படம் மட்டும் மிஞ்சும்.

அளவு 16-க்கு 16. மொத்தம் 256 புள்ளி.

‘தி’ வைக்கச் சொன்னேன். அப்பா போராடியதே மொழிக்காகத்தான். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போனது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் போராடியது. படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அப்படி வந்த ஊருக்குத் தமிழ் எழுத்துதானே அடையாளம்?

“மாமா, மேல சுழி அப்பிக்கிச்சு” என்றாள். ஓலை கிழியுமென்று ஏடு எழுதியவர்கள் புள்ளி வைக்காமல் விட்டது நினைவுக்கு வந்தது. 256 புள்ளிக்குள்ளும் அதே சிக்கல்தான். தணிகைக்கு ‘த’ என்று மாற்றினோம். பளிச்சென்று வந்தது.

அம்மாவின் போன் முகப்பிலும் அதையே வைத்துக் கொடுத்தேன். ரெண்டு நாள் கழித்துக் கேட்டார்: “உங்கப்பா படம் எங்கடா வருது? காணோமே.”

அம்மா நகரிக்காரர். படித்தது நாலாவது வரை, தெலுங்கில். தமிழ் பேசுவார், படிக்க வராது. அறுபது வருடத்துக்கும் மேலாக அந்த நறுக்குகளைக் கரையானிடமிருந்து காப்பாற்றியவர் அவர்தான். அவற்றில் ஒரு வரிகூட அவர் படித்ததில்லை. இது எனக்குத் தெரியாததல்ல. ‘த’ வைக்கும்போது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

1951–52 முதல் பொதுத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டி, பெட்டிமேல் ஒரு சின்னம். பெயரைப் படிக்கத் தெரியாதவர்களும் சின்னம் பார்த்துச் சீட்டைப் போட்டார்கள். எழுத்து தெரியாதவரை வெளியே நிறுத்தக்கூடாது என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு எல்லை தாண்டி வருகிற கூட்டத்துக்கும் பெயர்ப்பலகை தேவையில்லை. வேல் தெரிந்தால் போதும்.

“வேலே வெச்சிடும்மா” என்றேன். எத்தனையோ முருகன் தளங்களில் அதுதான் இருக்கிறது என்று முதலில் வேண்டாமென்று சொன்னவன் நான். டேப்புக்கு 16-க்கு 16, போன் முகப்புக்கு 192-க்கு 192 என்று இரண்டு அளவில் வரைந்தாள். சின்னதில் வேல் கொஞ்சம் அரசிலை மாதிரி இருக்கிறது. பெரியதில் சரியாக இருக்கிறது. அம்மா இப்போது யாரையும் கேட்பதில்லை.

என் கணினியில் மட்டும் இன்னும் ‘த’தான் தெரிகிறது. உலாவி பழைய ஃபேவிகானைச் சேமித்து வைத்துக்கொள்ளுமாம், லேசில் விடாதாம். “கோப்போட பேரை மாத்தி, லிங்க் வரியில போட்டா சரியாயிடும் மாமா” என்கிறாள். இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.