நூலகங்களிடை இரவலும் நூல் வழங்கல் கணினி முறையும்

ஒரு நூலகத்தில் இல்லாத நூலை வேறொரு நூலகத்திலிருந்து வரவழைத்து வாசகருக்குக் கொடுக்கும் ஏற்பாடு நூலகங்களிடை இரவல் எனப்படும். நூலகத்தின் அன்றாடக் கொடுக்கல் வாங்கலைக் கவனிக்கும் கணினி முறையோடு இந்த ஏற்பாட்டை இணைக்கும் முயற்சி, 1970களின் இறுதியில் அமெரிக்காவில் வேகம் பிடித்தது, இன்னும் முடிந்தபாடில்லை. ஒரே நூலுக்கு ஒரே கட்டடத்தில் இரண்டு மேசைகள் இரண்டு கணக்கு எழுதிவந்ததுதான் சிக்கலின் வேர். அந்தக் கணக்குகளை ஒன்றாக்கும் கருவி சீக்கிரமே கிடைத்துவிட்டது. பிற ஊர் வாசகரைத் தன் வாசகராக ஏற்க நூலகங்கள் சம்மதிப்பதற்குத்தான் காலம் பிடித்தது.

இரவல் வழக்கம் கணினிக்கு வெகுகாலம் முந்தியது. அமெரிக்காவின் வூஸ்டர் நகரப் பொது நூலகர் சாமுவேல் ஸ்வெட் கிரீன், 1876இல் தொடங்கப்பட்ட லைப்ரரி ஜர்னல் இதழின் முதல் தொகுதியிலேயே, நூலகங்கள் ஒன்றுக்கொன்று நூல்களைக் கொடுத்துதவ வேண்டும் என்று கடிதம் எழுதினார். பெர்க்லியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக நூலகராக இருந்த ஜோசப் ரோவெல் 1890களில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1898இல் கலிஃபோர்னிய மாநில நூலகத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. அமெரிக்க நூலகச் சங்கம் 1917இல் இதற்கென விதித்தொகுப்பு வெளியிட்டது. 1950களின் தொடக்கத்தில், கார்பன் தாள் வைத்து எழுதும் பல நகல் படிவம் நாடு முழுதும் பொதுவாயிற்று. தாள் அளவில் இரவல் வேலை அப்போதே ஒழுங்குக்கு வந்துவிட்டது எனலாம்.

நூல் வழங்கல் பிரிவு வேறு வழியில் வளர்ந்தது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ப் பார்க்கர் 1936இலேயே துளை அட்டை இயந்திரத்தைக் கொண்டு வழங்கல் கணக்கை நடத்தினார். 1970களில் சிஎல்எஸ்ஐ போன்ற நிறுவனங்கள் சிறு கணினி, பார்கோடு, ஒளிப்பேனா எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக விற்றன. எந்த நூல் யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்ப வரும் என்பதெல்லாம் வழங்கல் மேசைக்குக் கணினியில் தெரிந்தது. பக்கத்து அறையிலிருந்த இரவல் மேசையோ படிவங்களைத் தேதிவாரியாக அடுக்கிய அட்டைப் பெட்டிகளோடு இருந்தது.

இரட்டை வேலை எங்கே நடந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். வாசகர் ஒரு நூல் கேட்டால், இரவல் ஊழியர் அவர் பெயரையும் முகவரியையும் படிவத்தில் எழுதுவார். அந்த விவரம் வழங்கல் கணினியில் ஏற்கெனவே உண்டு. நூல் எங்கே இருக்கிறது என்று கூட்டு நூற்பட்டியலில் தேடி, கொடுக்கும் நூலகத்துக்கு அஞ்சலிலோ தொலைத்தட்டச்சிலோ வேண்டுகோள் போகும். அங்கே ஓர் ஊழியர் அலமாரிக்கு நடப்பார். நூல் இருந்தால் படிவத்தில் குறித்துக்கொண்டு, தன் வழங்கல் கணினியிலும் அதைத் தனியே பதிவார். இல்லாவிட்டால் வேறொருவருக்கு அது வெளியே போயிருக்கும் என்று நம்பாமல் இன்னொரு முறை தேடுவார். நூல் ஊர் வந்து சேர்ந்ததும் கேட்ட நூலகத்தில் அதற்குப் பார்கோடு கிடையாது. ஆகவே தாளில் கையெழுத்து வாங்கிக் கொடுப்பார்கள். கெடு தாண்டினால் கணினி நினைவூட்டாது. ஊழியர்தான் பெட்டியைப் புரட்ட வேண்டும். திருப்பும்போது இத்தனையும் தலைகீழாக மறுபடி நடக்கும்.

ஓஹாயோ மாநிலத்தில் ஃபிரெடெரிக் கில்கூர் 1967இல் தொடங்கிய ஓசிஎல்சி இதன் ஒரு பாதியைத் தீர்த்தது. கல்லூரி நூலகங்கள் பட்டியலாக்கத்தைப் பகிர்ந்துகொள்வதற்காக 1971இல் இயங்கத் தொடங்கிய அதன் தரவுத்தளம், தானாகவே மாபெரும் கூட்டு நூற்பட்டியலாக வளர்ந்தது. 1979இல் அதன் மேல் இரவல் பிரிவு ஏறியது. கேட்கும் நூலகம் ஐந்து நூலகங்களை வரிசைப்படுத்திக் கொடுத்தால் போதும். முதலாவது மறுத்தாலோ சில நாள் பதிலின்றி இருந்தாலோ வேண்டுகோள் அடுத்ததற்குத் தானே நகரும். அஞ்சல் நாட்கள் மிச்சமாயின. ஆனால் எந்த நூலகத்திடம் நூல் உண்டு என்பதைத்தான் ஓசிஎல்சி அறியும். இன்று அது அலமாரியில் இருக்கிறதா என்பது அந்தந்த நூலகத்தின் வழங்கல் கணினிக்கு மட்டுமே தெரிந்த செய்தி. வெளியே போயிருந்த நூலைத் தேடி ஐந்து நூலகங்களில் ஐந்து பேர் நடந்த நாட்களும் உண்டு.

மறுபாதிக்கு விடை இல்லினாயிலிருந்து வந்தது. இந்த வரலாற்றில் அதிகம் பேசப்பட வேண்டிய இடம் அதுவே. ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஐபிஎம் உருவாக்கி 1970இல் இயங்கத் தொடங்கியது எல்சிஎஸ் என்ற வழங்கல் முறை. வாசகர்கள் தொலைபேசியில் அழைத்தால் ஊழியர் திரையில் பார்த்து நூலை அவர்கள் பெயரில் எழுதி அனுப்பும் வசதி அங்கேயே இருந்தது. அந்த நூலகத்தின் இயக்குநராக இருந்த ஹியூ அட்கின்சன் 1976இல் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். இரண்டாண்டில் எல்சிஎஸ்ஸும் அங்கே வந்தது. 1980களின் தொடக்கத்தில் மாநிலத்தின் பிற கல்லூரி நூலகங்கள் அதே முறைக்குள் சேர்ந்தபோது, யாரும் இரவல் முறை என்று பெயரிடாமலேயே ஓர் இரவல் முறை பிறந்துவிட்டது. ஒரு கல்லூரியின் ஊழியர் வேறொரு கல்லூரியின் வழங்கல் கோப்பைத் திரையில் பார்க்கலாம். நூல் உள்ளே இருந்தால் அங்கிருந்தபடியே தன் வாசகர் பெயரில் எழுதிவிடலாம். நூல் இருக்கும் இடத்தில் சீட்டு அச்சாகும். ஊழியர் எடுத்துக் கட்டி, மாநிலம் முழுதும் ஓடிய நூல் வண்டியில் ஏற்றுவார். படிவம் இல்லை, வேண்டுகோள் இல்லை, மறுப்புக் கடிதமும் இல்லை.

எல்சிஎஸ் வைத்திருந்த நூல் பதிவு மிகச் சுருக்கமானது. நூற்பட்டியல் வல்லுநர்கள் அதைக் குறைசொன்னார்கள். முழுப் பதிவுகள் பிறகுதான் சேர்ந்தன. இருந்தும், மிகச் செறிந்த பட்டியலை வைத்திருந்த ஓசிஎல்சியால் சொல்ல முடியாததை இந்த மெலிந்த பதிவு சொல்லிவிட்டது. அதற்கு முன்பே நடந்த பேச்சு இன்னும் முக்கியம். பிற கல்லூரி மாணவருக்கு எத்தனை வாரம், தொலைந்தால் யார் பொறுப்பு, தன் மாணவர் கேட்டால் நூலைத் திரும்ப அழைக்கலாமா என்பவற்றையெல்லாம் மாநில நூலகங்கள் பொதுவாகப் பேசி முடித்திருந்தன. பின்னாளில் இதே மென்பொருள் வசதியை விலைக்கு வாங்கியும் பயன்படுத்தாத கூட்டமைப்புகளுக்குக் குறைவாக இருந்தது இந்தப் பேச்சுதான்.

ஓஹாயோ இதை வாசகரின் கையிலேயே கொடுத்தது. பல்கலைக்கழகங்கள் வரிசையாகப் புதிய நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கேட்டுவந்த நிலையில், மாநில உயர்கல்வி வாரியம் அமைத்த குழு, 1987இல் கட்டடத்துக்குப் பதில் பொது நூற்பட்டியலையும் சேமிப்புக் கிடங்குகளையும் பரிந்துரைத்தது. அதன் விளைவே ஓஹாயோலிங்க். 1990இல் கலிஃபோர்னியாவின் இன்னோவேட்டிவ் இன்டர்ஃபேசஸ் நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டது; 1992இல் மையப் பட்டியல் திறந்தது; 1994இல் வாசகரே திரையில் நூலைக் கேட்டுப் பெறும் வசதி வந்தது.

இன்ரீச் எனப் பெயர்பெற்ற அந்த முறையின் நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு நூலகத்தின் வழங்கல் கணினியிலும் ஒரு நூல் வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் மையப் பட்டியல் உடனுக்குடன் திருத்தப்படும். வாசகர் தன் அட்டை எண்ணை இட்டதும், அபராதமோ தடையோ உண்டா என்று அவருடைய சொந்த நூலகத்தைக் கணினி கேட்கும். பிறகு கொடுக்கும் நூலகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். பெரிய நூலகத்தின் மேலேயே பாரம் விழாதபடி பங்கிடும். கேட்ட நூலகத்தின் கணினியில் அந்த நூலுக்கு ஒரு போலிப் பதிவு உருவாகும். நூல் வந்து சேர்ந்ததும் அதன் மூலப் பார்கோடையே வருடினால் போதும். சொந்த நூலைப்போலவே எழுதிக் கொடுக்கலாம், கெடு நினைவூட்டலும் தானே போகும். திரும்பி வந்ததும் போலிப் பதிவு அழிந்துவிடும். முன்பு இரவல் மேசை வைத்திருந்த பெட்டி முழுக்க இப்படி வழங்கல் கணினிக்குள் கரைந்தது.

இதற்குப் பின்னால் பணக் கணக்கும் இருந்தது. அமெரிக்க ஆராய்ச்சி நூலகச் சங்கம் 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓர் இரவலைப் பெறுவதற்குச் சராசரியாக 18.62 டாலரும் கொடுப்பதற்கு 10.93 டாலரும் ஆயின. அதில் பெரும்பங்கு ஊழியர் சம்பளம். அஞ்சல் செலவைக் குறைப்பதால் பெரிதாக எதுவும் மிஞ்சாது, எழுதுவதைக் குறைக்க வேண்டும் என்பது அதன்பின் எல்லாருக்கும் விளங்கிற்று.

பிரிட்டன் இந்தச் சிக்கலைத் தாண்டியது வேறு விதமாக. டொனால்ட் அர்க்குவார்ட் 1960களின் தொடக்கத்தில் யார்க்‌ஷயரின் பாஸ்டன் ஸ்பாவில் கட்டிய தேசிய அறிவியல் தொழில்நுட்ப இரவல் நூலகம், வெளியே அனுப்புவதற்கென்றே நூல்களை வாங்கி வைத்தது. இதழ்களைத் தலைப்பின் அகர வரிசையில் அடுக்கினார். பட்டியல் தேவையில்லை என்பது அவர் கட்சி. வந்த சீட்டே அலமாரிக்குப் போகும். உள்ளூர் வாசகர் என்று பெரிதாக யாரும் இல்லாத இடத்தில் இரண்டு கணக்குக்கு வேலையும் இல்லை. அந்த நூலகம் 1973இல் பிரிட்டிஷ் நூலகத்தின் இரவல் பிரிவாக மாறியது.

இல்லினாயிலும் ஓஹாயோவிலும் எல்லா நூலகங்களும் ஒரே மென்பொருளில் இருந்தன. வெவ்வேறு நிறுவனங்களின் மென்பொருளை வைத்திருந்த நூலகங்கள் பேசிக்கொள்ள பொது நெறிமுறை வேண்டும். தொலைவிலுள்ள பட்டியலைத் தேட இசட்39.50 இருந்தது. 1999இல் கொலம்பியா, பென்சில்வேனியா, யேல் பல்கலைக்கழகங்கள் தொடங்கிய பாரோ டைரக்ட் அந்த வழியில் ஒவ்வொரு பட்டியலிலும் நூலின் அன்றைய நிலையைப் பார்த்தது. இங்கேயும் தொல்லை. ஒரு நூலகம் ‘அலமாரியில்’ என்று காட்டும், இன்னொன்று ‘வெளியே போகவில்லை’ என்று காட்டும். இரண்டும் ஒன்று என்பதை நூலகம் நூலகமாக மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

இரவலுக்கென 1990களில் வந்த ஐஎஸ்ஓ 10160, 10161 தரங்கள் இருதரப்பும் ஒவ்வொரு படியையும் தனித்தனியே நினைவில் வைத்திருக்கும்படி விதித்தன. தாள் காலத்துப் படிவங்களின் சிக்கல் அப்படியே கணினிக்குள் புகுந்தது. முழுமையாகச் செயல்படுத்தியவர்கள் குறைவு. வழங்கல் பக்கம் 3எம் நிறுவனம் தன் தானியங்கி நூல் வழங்கல் இயந்திரங்களுக்காக 1993இல் வெளியிட்ட சிப் நெறிமுறை எங்கும் பரவியது, ஆனால் அதன் எல்லை சிறியது. இவ்விரு கரைகளுக்கும் பாலமாக அமெரிக்கத் தர அமைப்பான நிசோ 2002இல் ஏற்றதுதான் என்சிப். வாசகரைச் சரிபார்த்தல், நூலைக் கொடுத்தல், வாங்குதல் ஆகியவற்றோடு, வெளியிலிருந்து வந்த நூலுக்குத் தற்காலிகப் பதிவு உருவாக்கும் கட்டளையும் அதில் உண்டு. இன்ரீச் தன் வீட்டுக்குள் செய்ததை எந்த இரு மென்பொருளும் தமக்குள் செய்ய இது வழி திறந்தது. நடைமுறையில், எந்தக் கட்டளைகளை ஏற்பது என்பது விற்பனையாளர் விருப்பமாகவே இருந்தது. என்சிப் உண்டு என்று விளம்பரப்படுத்திய இரு மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசாதது அரிதல்ல.

இணைப்பால் எழுந்த ஒரு நெருடலும் உண்டு. வாசகரின் அந்தரங்கத்தைக் காக்க, நூல் திரும்பியதும் யார் எடுத்தார் என்ற தொடர்பை அழித்துவிடுவது அமெரிக்க நூலகங்களின் வழக்கம். இரவல் பிரிவுக்கோ, கட்டுரை நகல்களுக்கான பதிப்புரிமை நெறிகளின்படி, வேண்டுகோள் பதிவுகளை மூன்று முழு ஆண்டுகள் காக்கும் கடமை. ஒன்று மறக்க வேண்டும், மற்றது நினைவில் வைக்க வேண்டும். இரண்டையும் இணைத்தபோது எந்த விவரம் எங்கே தங்குகிறது என்பதைப் பல நூலகங்கள் தாமதமாகத்தான் கேட்டுப் பார்த்தன.

2014இல் வந்த ஐஎஸ்ஓ 18626, பழைய தரத்தின் நீண்ட செய்தி வரிசையை மூன்றாகச் சுருக்கியது: வேண்டுகோள், கொடுப்பவரின் செய்தி, கேட்பவரின் செய்தி. 2018இல் தொடங்கிய ரீஷேர் என்ற திறமூல முயற்சி இதையும் என்சிப்பையும் அடித்தளமாகக் கொண்டது; ஒரே நிறுவனத்தின் மென்பொருளைச் சார்ந்து நிற்கும் நிலையிலிருந்து கூட்டமைப்புகளை விடுவிப்பது அதன் நோக்கம். இந்தியாவில் டெல்லியில் 1988இல் தொடங்கிய டெல்நெட், கூட்டு நூற்பட்டியலும் இரவல் சேவையும் நடத்திவருகிறது. ஆயினும் உறுப்பு நூலகங்கள் கோஹா, சோல், லிப்சிஸ் என்று பல மென்பொருள்களில் இருக்கின்றன.

மின்னூல்கள் வந்தபின் இந்த இணைப்பு புதிய முட்டுச்சுவரைச் சந்தித்தது. மின்னூலுக்கு அலமாரியும் பார்கோடும் இல்லை. அதை இரவல் கொடுக்கலாமா என்பதைப் பதிப்பாளரோடு செய்த உரிம ஒப்பந்தமே தீர்மானிக்கும். டெக்சஸ் டெக், ஹவாய்ப் பல்கலைக்கழகங்கள் உருவாக்கிய ஆக்கம்ஸ் ரீடர் என்ற மென்பொருள், ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் இசைவோடு 2014இல் முழு மின்னூலை இரவல் தரும் சோதனையை நடத்தியது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் இன்னும் அனுமதிக்கப்படுவது ஓர் அத்தியாயம் மட்டுமே. அதை அனுப்பியதும் வழங்கல் கணினியில் எழுதவோ திரும்பப் பெறவோ எதுவும் இருப்பதில்லை.