வாகன் எண்ணைக் குறித்த குமாஸ்தாக்கள்

1840-ஆம் ஆண்டுவாக்கில் இங்கிலாந்தில் இரயில் பாதைகள் பெருகிவிட்டன. ஆனால் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கம்பெனி. ஒரு கம்பெனியின் பாதை முடியும் இடத்தில் சரக்கை இறக்கி, அடுத்த கம்பெனியின் வாகனில் ஏற்ற வேண்டும். கூலி, உடைசல், திருட்டு, தாமதம் எல்லாம் யார் தலையில் விழும்? அனுப்புகிறவர் தலையில்தான்.

வாகனை அப்படியே அடுத்த பாதையில் ஓட விட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். விடலாம். ஆனால் கட்டணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு? போன வாகன் திரும்பி வருமா?

வழி காட்டியது வங்கித் தொழில். லண்டன் வங்கிகள் காசோலைகளை ஒரு பொது இடத்தில் மாற்றிக்கொண்டு, மீதியை மட்டும் பணமாகக் கொடுத்து வந்தன. வங்கியாளரான ஜார்ஜ் கார் கிளின், லண்டன்-பர்மிங்காம் இரயில் கம்பெனிக்கும் தலைவர். அவரது ஆதரவில், கெனத் மாரிசன் என்ற கணக்கரின் திட்டப்படி, 1842 ஜனவரியில் 'இரயில்வே கிளியரிங் ஹவுஸ்' பிறந்தது.

சந்திப்பு நிலையங்களில் அதன் ஆட்கள் வெயிலிலும் மழையிலும் நின்று, கடந்து செல்லும் ஒவ்வொரு வாகனின் எண்ணையும் குறித்தார்கள். அந்தப் பட்டியல்கள் லண்டன் குமாஸ்தாக்களிடம் சேரும். ஓடிய மைல் கணக்கில் கட்டணம் பிரிக்கப்படும். பிறர் வாகனைக் கெடு தாண்டி வைத்திருந்தால் 'டெமரேஜ்' கட்ட வேண்டும். கப்பல்காரர்களின் பழைய சொல் அது. நம் வியாபாரிகளுக்கும் நன்கு தெரிந்ததே!

பாதையின் அகலம் மாறிய இடத்தில் மட்டும் கணக்குப் புத்தகம் உதவவில்லை. குளஸ்டர் நகரில் 1844-இல் ஏறத்தாழ 7 அடிப் பாதையும் 4 அடி 8½ அங்குலப் பாதையும் சந்தித்தன. அங்கே சில ஆண்டுகள் மூட்டைகள் வாகன் விட்டு வாகன் மாறிக்கொண்டேயிருந்தன.