அகவலியும் எலும்பின் அமைதியும்

ஒருவன் தரையில் மல்லாந்து கிடக்கின்றான். அவன் மார்பின்மீது கனத்த கல்லொன்றை இருவர் தூக்கி வைக்கின்றனர். மூன்றாமவன் சம்மட்டியை ஓங்கி அறைகின்றான். கல் பிளவுபடுகின்றது, கிடந்தவன் எழுந்து அவையை வணங்குகின்றான். சீனநாட்டுப் போர்க்கலைஞர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்காட்சியை அரங்குகளில் நிகழ்த்தியபோது, மூச்சுப் பயிற்சியால் உடலுள் திரட்டிய 'சி' என்னும் அகவலியே இதற்குக் காரணம் என்றனர். இதே காட்சியைப் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் மாநகரில் எக்கன்பெர்க் என்னும் செருமானியர் ஒருவர் காசுக்குக் காட்டினார். அவர் அகவலியைத் துணைக்கு அழைக்கவில்லை. விவிலியப் பெருவீரன் சாம்சனின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டதோடு அமைந்தார். செயல் ஒன்றாக, காரணம் மட்டும் நாட்டுக்கு நாடு வேறுபடுதல் எங்ஙனம்? வேறுபட்ட அக்காரணங்களால் விளைந்தவை யாவை? இவையே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தவை.

இலண்டன் காட்சியை அறிவியற் கண்கொண்டு முதலில் நோக்கியவர் டெசாகுலியர் என்பவர். பிரான்சு நாட்டில் 1683-இல் பிறந்து, சமயப் பகைமையால் இளமையிலேயே இங்கிலாந்து புகுந்து, நியூட்டனுக்கு அணுக்கராய் அரச கழகத்தில் சோதனைகளை நடத்திவந்த பெருமகனார் அவர். தம் நண்பர் சிலருடன் சென்று, செருமானியரைச் சூழ நின்று, அவர்தம் ஒவ்வோர் அசைவையும் கூர்ந்து நோக்கினார். அன்று மாலையே அவ்வித்தைகளுட் பெரும்பாலானவற்றை அந்நண்பர் குழுவினர் தாமே செய்து காட்டினர் என்பது, 1734-இல் முதற்றொகுதியாக வெளிவந்த அவருடைய சோதனை மெய்யியல் நூலால் நாம் அறிவது. உலகு வியந்த வலிமையை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ள இயன்றதெனின், அது வலிமையன்று, இருக்கைமுறையே என்பது வெளிப்படை.

அவ்வித்தைகளுள் தலையாயது குதிரைகளை எதிர்த்து அமர்தல். வித்தைக்காரர் சாய்ந்த பலகையொன்றில் அமர்ந்து, கால்களை முட்டி மடங்காமல் நீட்டி, உள்ளங்கால்களை அசையாத கட்டையொன்றில் ஊன்றுவார். இடுப்பெலும்பைச் சூழ்ந்த வாரில் கட்டிய கயிறு கால்களுக்கிடையே சென்று கட்டையின் துளைவழி வெளிப்படும். அக்கயிற்றைக் குதிரைகள் இழுப்பினும் அவர் அசையார். இழுப்பு முழுவதும் இடுப்பெலும்பிலிருந்து தொடையெலும்பு, முழந்தாளெலும்பு வழியே நேராகச் சென்று கட்டையை அடைகின்றது. இடுப்பெலும்போ கல்தச்சர் கட்டும் வளைவு போன்றது. அமுக்க அமுக்க இறுகுவது. தசைக்கு அங்கே வேலை சிறிதே. தூணின்மீது உத்தரம் ஏற்றுகின்றோம். தூண் மூச்சடக்கி நிற்கின்றது என்று எவரும் கூறுவதில்லை.

இதற்கு மறுதலையாகத் தாமசு தோபாம் என்பவரையும் டெசாகுலியர் காட்டுகின்றார். தோபாம் மெய்யாகவே பெருவலி படைத்தவர். வெள்ளீயத் தட்டைக் கைவிரல்களாலேயே ஓலைபோற் சுருட்டுவார். 1741 மே 28-இல் நீர் நிறைந்த பீப்பாய்கள் மூன்றை, 1,836 பவுண்டு எடையினவற்றை, அஃதாவது ஏறத்தாழ 830 கிலோகிராம் சுமையை, மேடைமீது நின்று தோள்வாரால் உயர்த்தினார். இத்தகையவர் இரண்டு குதிரைகளை எதிர்த்து இழுக்க முயன்றபோது இடம்பெயர்ந்து முழங்காலில் ஊறுபட்டார். காரணம், செருமானியரின் இருக்கைமுறையை அவர் அறியாமையே. முறையாக அமர்ந்திருப்பின் நான்கு குதிரைகளையும் தாங்கியிருப்பார் என்பது டெசாகுலியரின் துணிபு. வலியுடையார் தோற்க, வலிகுறைந்தார் நிற்றற்கு இதனினும் தெளிவான சான்று நாம் கண்டிலம்.

மார்பின்மீது கல் உடைக்கும் வித்தைக்கும் விளக்கம் கடினமன்று. 5 கிலோகிராம் எடையுள்ள சம்மட்டி நொடிக்கு 6 மீட்டர் விரைவில் இறங்குவதாகக் கொள்வோம். அதன் ஆற்றல் 90 சூல். 100 கிலோகிராம் கல்லில் மோதி இரண்டும் ஒருங்கே நகரும் எனின், விரைவு நொடிக்கு 0.29 மீட்டராகக் குறையும். உடலை நோக்கி இறங்கும் ஆற்றல் 4 சூலுக்குச் சற்று மிகுதி, அஃதாவது இருபத்தொரு பங்கில் ஒரு பங்கு. எஞ்சிய பங்கு கல்லை நொறுக்குவதிலும் வெப்பத்திலும் ஒலியிலும் கழிகின்றது. கல் எத்துணைக் கனமோ அத்துணைக் காப்பு. காண்பார் அஞ்சுவதும் கிடப்பான் அஞ்சாமைக்குக் காரணமும் கல்லின் அக்கனமே! எனினும் அவ்வளவு சுமையைத் தாங்கி மூச்சுவிடப் பழகுதல் வேண்டும்; அப்பழக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

இனிச் சீனநாட்டு வரலாற்றை நோக்குவோம். போர்க்கலையை அகநெறி என்றும் புறநெறி என்றும் பகுத்துக் காட்டும் பழைய எழுத்து, ஹுவாங் சோங்சி என்னும் அறிஞர் 1669-இல் வரைந்த நினைவுக் கல்லெழுத்துரை. புறநெறி சாவோலின் மடத்துக்கு உரியது என்றும், அகநெறி அதனினும் மேம்பட்டது என்றும் அவர் கூறினார். மிங் அரசு வீழ்ந்து மஞ்சு அரசு நிலைபெற்ற காலம் அது. ஹுவாங்கோ மஞ்சுக்களை எதிர்த்து நின்றவர். அந்நியத்திலிருந்து வந்த பௌத்தத்தின் மடத்தைப் புறம் என்று தாழ்த்தி, உள்நாட்டுத் தாவோ நெறியை அகம் என்று உயர்த்தியதில் அரசியற் குறிப்பு உண்டென்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுவர். இக்கருத்து ஏற்கத்தக்கதென்றே நமக்குத் தோன்றுகின்றது. ஆதலின், அகம் புறம் என்னும் பிரிவு தசையை ஆராய்ந்து பிறந்ததன்று என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

உடலைத் தாக்குதற்கு அரியதாக்கும் பயிற்சிகளை விரித்துரைக்கும் நூல் 'யீ சின் சிங்'. 'தசைநாண் மாற்ற நூல்' எனப் பொருள்படும். உடலைத் தேய்த்தும், மரவுலக்கையாலும் கல் நிரப்பிய பையாலும் தட்டியும், 'சி'யைத் திரட்டி அகவன்மை பெறுதற்குரிய முறைகள் அதிற் கூறப்படுகின்றன. இந்நூலைப் போதிதருமர் அருளியதாக அதன் முன்னுரை கூறும். தமிழகத்தில் நம்மவர் பலரும் போதிதருமரைக் காஞ்சிப் பல்லவ இளவரசர் என்றும், சீனர்க்குப் போர்க்கலை பயிற்றிய தமிழர் என்றும் பெருமிதத்துடன் பேசிவருகின்றோம். 2011-இல் வெளிவந்த திரைப்படமொன்று அப்பெருமிதத்தைப் பெருக்கிற்று. ஆயின் அந்நூலின் பழமை 1624-ஆம் ஆண்டுக்கு மேற் செல்லவில்லை. முன்னுரை பழம்பெருந் தளபதி ஒருவர் பெயரால் பின்னையோர் புனைந்தது. சீன வரலாற்றாசிரியர் தாங் ஹாவோ 1930-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சாவோலின் போர்க்கலைக்குப் போதிதருமரும், அகநெறிக்குச் சாங் சான்ஃபெங் என்னும் தாவோ முனிவரும் மூலவர் என்னும் இரு கதைகளையும் ஒருங்கே மறுத்தார். போதிதருமர் தென்னிந்திய அரசகுமாரர் என்னும் மரபு பழமையானதே. அவர் போர்க்கலை பயிற்றினார் என்பதற்கே பழஞ்சான்று இல்லை. நமக்கு இனிய செய்தி என்பதற்காகச் சான்றில்லாததைச் சான்றுடையதாக எழுதுதல் ஆராய்ச்சியாகாது.

தாக்குதற்கரிய உடல் என்னும் எண்ணம் ஏட்டளவில் நின்றிருப்பின் அதனைப் பற்றி இத்துணை எழுத வேண்டுவதில்லை. சாண்டுங் மாநிலத்தின் தென்மேற்கில் 1890-களில் 'பெருவாட் சங்கம்' தோன்றிற்று. கொள்ளையரிடமிருந்து ஊரைக் காக்கத் திரண்ட உழவர்களின் கூட்டம் அது. 'பொன்மணிக் கவசம்' என்னும் பயிற்சி அவர்களுடையது; மூச்சடக்கல், மந்திரம் ஓதல், எழுதிய தாளை எரித்து நீரிற் கலந்து பருகல், செங்கல்லாலும் வாளாலும் உடலைத் தாக்கப் பழகல் என்பன அதன் உறுப்புக்கள். வெற்றுடம்பில் வாள் இறங்கியும் குருதி வாராமை கண்டு மக்கள் வியந்தனர்.

இவ்வியப்பும் விசையியலுக்கு உட்பட்டதே. அரிவாள்மணையில் காயை வைத்து அழுத்துதலுக்கும் இழுத்து அரிதலுக்கும் உள்ள வேறுபாட்டை நம் இல்லத்துப் பெண்டிர் அறிவர். இறுகிய தோலின்மீது நேராக அழுத்தப்படும் வாய் எளிதில் அறுப்பதில்லை. இழுக்கப்படும் வாயே அறுக்கின்றது. கழுத்தில் ஈட்டிமுனையை ஊன்றி அதன் கோலை வளைக்கும் வித்தையிலும் இத்தகைய ஒரு நுட்பம் உண்டு. மெலிந்த நெடுங்கோல் ஓரளவு அமுக்கம் வரையில் நேர்நின்று, பின்னர் ஒருபுறமாகத் திடீரென வளையும். வளைந்த பின்னர் மேலும் வளைக்கப் பெருவிசை வேண்டுவதில்லை. இவ்வளைவின் கணக்கை ஆய்லர் என்னும் கணித மேதை 1744-இல் வகுத்தார். டெசாகுலியர் மறைந்ததும் அவ்வாண்டே.

துப்பாக்கிக் குண்டின் செய்தி வேறு. அஃது அழுத்துவதன்று, விரல்நுனியினும் சிறிய பரப்பில், இமைப்பொழுதினும் மிகக் குறைந்த நேரத்தில், தன் ஆற்றல் முழுவதையும் இறக்குவது. செங்கல்லையும் வாளையும் தாங்கிய அனுபவம் குண்டுக்குச் சான்றாகாது. ஆனால் அரங்கில் கண்டவர்க்கு இவ்வேறுபாடு புலப்படவில்லை. பெருவாட் சங்கத் தலைவர் லியூ சிதுவான் 1896-இல் அரசாங்கத்தாரால் கொல்லப்பட்டார், எண்ணம் அழியவில்லை. பின்னர் எழுந்த 'யீஹேதுவான்' இயக்கத்தினர் நெடுநாட் பயிற்சியையும் விடுத்து, தெய்வம் மேலேறப்பெற்ற அளவிலேயே குண்டு துளைக்காது என்று நம்பினர். இவ்விரு கூட்டத்தாரையும் ஒன்றாக்கிப் பேசுதல் பிழை என்பதை எஷெரிக் 1987-இல் வெளியிட்ட நூலில் நன்கு நிறுவியுள்ளார். எனினும் முன்னவர்தம் காட்சிகள் பின்னவர்தம் நம்பிக்கைக்கு நிலம் பண்படுத்தின என்பதை மறுத்தல் அரிது. 1900 சூன் 10-இல் தியான்சினிலிருந்து ஏறத்தாழ 2,000 வீரருடன் புறப்பட்ட சீமோரின் பன்னாட்டுப் படையை இலாங்ஃபாங் புகைவண்டி நிலையத்தருகே அவர்கள் வாளும் ஈட்டியும் ஏந்தி எதிர்த்தனர். துப்பாக்கிகளுக்கு முன்னே அணியணியாய் வீழ்ந்தவருள் இளைஞர் பலர். அந்நியர் கொடுமைக்கு எதிராக அவர்கள் கொண்ட சினம் நேரியது; அவர்கள் கையிற் கொடுக்கப்பட்ட விளக்கமே பொய்த்தது.

இங்ஙனமாயின் அகவலி பேசுவோர் அனைவரும் வஞ்சகரோ எனின், அன்று. அமெரிக்காவில் சியார்சியா மாநிலத்தைச் சேர்ந்த லூலு ஹர்ஸ்ட் என்னும் இளம்பெண், 1883 முதல் 1885 வரையில், பருத்த ஆடவர் பலர் சேர்ந்து தள்ளிய கோலைத் தன் உள்ளங்கை தொட்டு நிறுத்தி நாட்டையே மயக்கினாள். வானியலறிஞர் சைமன் நியூகோம் அவளை ஆராய்ந்து, தசையும் நெம்புகோல் முறையுமன்றி வேறில்லை என 1885-இல் எழுதினார். தள்ளுவோர் விசையைச் சற்றே மேல்நோக்கித் திருப்பிவிட, அவர்கள் ஒருவரையொருவர் எதிர்த்துத் தடுமாறினர் என்பதே மறைபொருள். 1897-இல் அவள் எழுதிய தன்வரலாற்றிலும் இதனையே கூறினாள். ஆயினும் செய்த காலத்தில் தன் செயலின் காரணத்தைத் தானே அறியாதிருந்ததாகவும் அதிற் குறிப்பிட்டாள். செய்வோன் செயலை அறிவான், காரணத்தை அறியான் என்பது இத்துறையில் அடிக்கடி காணும் நிலை.

இந்நிலை நன்கு விளங்குவது சப்பான் நாட்டு 'வளையாக் கை' வித்தையில். ஐகிடோ ஆசிரியர் தோஹேய் கோயிச்சி (1920–2011), 1953-இல் ஹவாய் சென்று அக்கலையைப் பரப்பியவர். 'கி'யை வளர்ப்பதற்கெனவே 1971-இல் தனிக் கழகம் கண்டவர். அவர் பயிற்றிய முறையில், மாணவன் கையை நீட்டிப் பிறனொருவன் தோளில் வைப்பான். அவன் முழங்கையை மடக்க முயல்வான். மாணவன் முறுக்கிப் பிடித்தால் கை மடங்கிவிடும். உடலைத் தளர்த்தி, விரல்நுனி வழியே நீர் பாய்ந்து தொலைவிற் செல்வதாக எண்ணினாலோ மடங்குவதில்லை. நீர் பாய்வதில்லை, 'கி' பாய்வதாகவும் எக்கருவியும் காட்டவில்லை. நிகழ்வது யாது? மேற்கையின் முன்தசை கையை மடக்குவது, பின்தசை நீட்டுவது. முறுக்கிப் பிடிப்பவன் இரண்டையும் ஒருங்கே இறுக்குகின்றான். அவனுடைய முன்தசை பகைவனுக்கே துணைபோகின்றது. நீரை எண்ணுபவனோ முன்தசையைத் தளர்த்திப் பின்தசையை மட்டும் ஏவுகின்றான்.

இவ்விடத்தே நாம் ஒன்றை வேறுபடுத்திக் காணல் வேண்டும். 'சி', 'கி' என்பன காரணத்தைச் சுட்டும் பெயர்களாக நிற்கும்போது பொய்க்கின்றன. ஏவற்சொற்களாக நிற்கும்போது பயன் தருகின்றன. இலக்கணப் புலவர்க்கு இது புதிதன்று. ஒரு சொல் ஏவலாகவும் பெயராகவும் நிற்றல் நம் மொழியில் இயல்பு. பயிற்சிக்கூடத்தில் ஆசான் கூறும்போது ஏவலாயிருந்த சொல், அரங்கேறியவுடன் பெயராக மாறிவிடுகின்றது. காண்போர் அச்சொல்லுக்குரிய பொருளை உடலினுள்ளே தேடுகின்றனர்.

விசையியலார் சிலர் அச்சொல்லையே பயிற்சிக்கூடத்திலிருந்து நீக்கிவிட விரும்புவர். இதனை நாம் உடன்படுவதற்கில்லை. தசையின் பெயரைச் சொல்லி, பின்தசையை இறுக்கி முன்தசையைத் தளர்த்துக என்று ஒருவனை ஏவிப் பாருங்கள். பெரும்பாலோர்க்கு முதன் முயற்சியில் அது கைகூடுவதில்லை. தன் உறுப்பின்மீது கருத்தைச் செலுத்துவோரினும், உறுப்பின் செயலால் வெளியே விளையும் பயன்மீது கருத்தைச் செலுத்துவோர் விரைந்து கற்கின்றனர் என்பதைக் காப்ரியேலே வுல்ஃப் முதலியோர் 1998 முதல் சோதனைகளாற் காட்டிவந்துள்ளனர். நீரை எண்ணுக என்று தோஹேய் கூறியதும் இவ்வகையதே. அவருக்குத் தசைநூல் தேவைப்படவில்லை. அவர்தம் மாணவன் கை மடங்கவுமில்லை.