சூரியனைக் கடக்கும் புதன்: கண்ணைக் காத்துப் பார்ப்பதும் படம் பிடிப்பதும்

பூமியைவிடச் சூரியனுக்கு அருகில் சுற்றும் கோள்கள் இரண்டே. ஒன்று புதன், மற்றையது வெள்ளி. இவற்றில் ஒன்று நமக்கும் சூரியனுக்கும் நடுவே நேர்கோட்டில் வரும்போது, சூரிய வட்டத்தின் மேல் ஒரு கரும்புள்ளி மெதுவாக ஊர்ந்து போகும். இதையே கோள் கடப்பு என்கிறோம். கிரகணத்தைப் போல வானம் இருளாது. வெயிலும் குறையாது. முன்கூட்டியே தெரிந்து பார்க்காவிட்டால் நடந்ததே தெரியாது.

வெள்ளியின் கடப்பு மிக அரிது. எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு வரும், பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் எதுவும் இல்லை. நமது காலத்தின் சோடி 2004 ஜூன் 8 இலும் 2012 ஜூன் 6 இலும் வந்தது. முதலாவது போர்நிறுத்த காலம். இலங்கையிலிருந்து தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கக்கூடியதாக இருந்தது. இரண்டாவதன்போது சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன்மேல் இருந்தது, காலை 10.20 அளவில் விலகியது. மெனிக் பாம் முகாம் அன்று இன்னும் மூடப்படவில்லை. அண்ணாந்து பார்க்க எத்தனை பேருக்கு மனம் இருந்திருக்கும்? அடுத்த வெள்ளிக் கடப்பு 2117 டிசம்பரில்தான்.

எனவே நமக்கு மிஞ்சியிருப்பது புதன். நூற்றாண்டுக்கு 13 அல்லது 14 தடவை, மே மாதத்திலோ நவம்பரிலோ அது சூரியனைக் கடக்கிறது. அடுத்தது 2032 நவம்பர் 13, சனிக்கிழமை. இலங்கை நேரப்படி பகல் 12.10 அளவில் தொடங்கி மாலை 4.35 அளவில் முடியும்.

இந்தக் காட்சியைப் பார்க்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை என்பதற்கு அதன் வரலாறே சாட்சி. வெள்ளிக் கடப்பை முதன்முதலில் பார்த்ததாகப் பதிவாகியுள்ளவர்கள் 1639 இல் இங்கிலாந்தில் வாழ்ந்த இரு ஆர்வலர்கள். இருபது வயதை ஒட்டிய ஜெரமையா ஹொரொக்ஸ் தொலைக்காட்டி வழியாகச் சூரியனின் விம்பத்தைக் கடதாசியில் விழுத்திப் பார்த்தார். அவருடைய நண்பர் வில்லியம் கிராப்ட்ரீ வேறோர் ஊரில் பார்த்தார். 1716 இல் எட்மண்ட் ஹாலி, வெள்ளிக் கடப்பின் நேரத்தைத் தொலைவான பல இடங்களில் அளந்தால் சூரியனின் தூரத்தைக் கணிக்கலாம் என்று எழுதிய பின்னரே அரசுகள் கப்பல் அனுப்பத் தொடங்கின.

அப்படிப் புறப்பட்டவர்தான் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில். 1761 கடப்பைப் புதுச்சேரியில் பார்க்க வந்தவருக்கு, நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த செய்தி வழியிலேயே கிடைத்தது. கப்பல் திரும்பியது. ஆடும் தளத்தில் நின்று பார்த்தார், அளவீடு எதற்கும் உதவவில்லை. எட்டு ஆண்டுகள் காத்திருந்து, போரில் இடிந்த புதுச்சேரிக் கோட்டையின் மேல் ஆய்வுகூடம் கட்டினார். 1769 ஜூன் 4 காலை முகில் மூடியது. கடப்பு முடிந்த பிறகே வெயில் வந்தது. ஆனால் தமிழ்க் கணியர்கள் சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் முறையை அங்கு கற்று, அதை ஐரோப்பாவுக்கு எழுதினார். ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகக் கருதிச் சொத்தைப் பங்கிடத் தொடங்கியிருந்தார்கள். மற்றவர்களின் அளவீடுகளிலிருந்து லாலாந்து 1771 இல் கணித்த தூரம் 15 கோடியே 30 இலட்சம் கிலோமீற்றர். இன்றைய கணக்கு 14 கோடியே 96 இலட்சம்.

இனிக் கண் பற்றி. விழித்திரைக்கு வலி தெரியாது. சூரியனை நேரே பார்த்தால் அது கருகும்போது நோகாது, பார்வை மங்குவது சில மணிநேரம் கழித்தே தெரியவரும். எக்ஸ்றே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, சீடி, கறுப்புக் கண்ணாடி எதுவும் பாதுகாப்பல்ல. கிரகணத்துக்குச் செய்வதுபோல வாளித் தண்ணீரில் பார்ப்பதும் வேண்டாம். வெல்டிங் கண்ணாடியில் 14 ஆம் இலக்கம் மட்டுமே போதியது. ஆனால் அதையோ கிரகணக் கண்ணாடியையோ போட்டாலும் புதன் தெரியாது. அன்று அதன் விட்டம் சூரிய விட்டத்தில் ஏறத்தாழ 194 இல் ஒரு பங்கு. தொலைக்காட்டி வேண்டும். அதன் முன்வாயில் சூரிய வடிகட்டி இறுக்கமாகப் பொருத்தப்பட வேண்டும். கண்வில்லையில் திருகும் சிறு கறுப்பு வடிகட்டிகளைத் தூக்கி எறியுங்கள், வெப்பத்தில் வெடித்துவிடும். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிகட்டி இல்லாத தொலைக்காட்டியில் பார்ப்பது இன்னும் மோசம்.

என்னைக் கேட்டால், பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் ஏற்றது ஹொரொக்ஸின் வழிதான். 50 அல்லது 60 மில்லிமீற்றர் வில்லைத் தொலைக்காட்டி ஒன்றை முக்காலியில் நிறுத்தி, கண்வில்லைக்குப் பின்னால் வெள்ளை மட்டையைப் பிடியுங்கள். குறிபார்க்கும் சிறு குழாயை மூடிவிடுங்கள். குழாயின் நிழல் மிகச் சிறிதாகும்வரை திருப்பினால் சூரியன் மட்டையில் விழும். 15 சென்ரிமீற்றர் வட்டம் கிடைத்தால் புதன் அதில் முக்கால் மில்லிமீற்றர் புள்ளி. ஆடி வைத்த தொலைக்காட்டிகளில் சில உள்ளே சூடேறிப் பழுதாகும். இதற்கு அவை வேண்டாம். சக்கர நாற்காலியில் இருப்பவரும் மட்டையைப் பார்க்கலாம். போரில் ஒரு கண்ணை இழந்தவர் மற்றக் கண்ணைப் பணயம் வைக்காமல் பார்க்கலாம். தொலைக்காட்டிக்குள் யாரும் எட்டிப் பார்க்காதபடி ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், குறிப்பாகச் சிறுவர்கள் இருக்கும் இடத்தில்.

மட்டையில் வட்டம் கீறி, கால் மணிக்கு ஒரு தடவை புள்ளியையும் நேரத்தையும் குறியுங்கள். புள்ளிகள் சற்று வளைந்து போனால் கவலை வேண்டாம். வானில் சூரியன் நகர, அதன் வட்டமும் நம் பார்வையில் திரும்பிக்கொண்டிருக்கும். சூரியப் புள்ளிகளோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. அவை ஒழுங்கற்றவை, ஓரம் சாம்பல் நிறமானவை. புதன் முழுக் கறுப்பு, வட்டம்.

படம் எடுக்க, மட்டையில் விழும் விம்பத்தைக் கைத்தொலைபேசியால் எடுப்பதே இலகு. கமரா என்றால் வில்லைக்கு முன்னால் வடிகட்டி கட்டாயம். வில்லையின் குவியத்தூரத்தை 109 ஆல் வகுத்தால் சூரிய விம்பத்தின் அளவு வரும்: 300 மில்லிமீற்றர் வில்லைக்கு 3 மில்லிமீற்றருக்கும் குறைவு, 1000 க்கு 9. முதலாவதில் புதன் ஒரு தூசி அளவே. கையால் குவியப்படுத்துங்கள், சூரியனின் விளிம்பு கூர்மையாக வந்தால் சரி. ஐ.எஸ்.ஓ 100, 1/500 செக்கனில் தொடங்கிக் கூட்டிக் குறைக்கலாம். கமராவின் மணிக்கூட்டை முன்னரே சரிசெய்யுங்கள், நேரம் இல்லாத படத்துக்குப் பெறுமதி குறைவு.

ஒரு சிக்கல் உண்டு. நவம்பர் நடுப்பகுதி வடக்கு கிழக்கில் மாரி. லெ ஜென்டிலைப் போல முகிலிடம் தோற்கலாம். நான்கரை மணிநேரம் நீளும் காட்சி என்பதால் இடையில் வெளிக்கும் பத்து நிமிடமே போதும். அதுவும் கிடைக்காவிட்டால் அடுத்தது 2039 நவம்பர் 7, பகல் 12.45 இலிருந்து 3.45 அளவு வரை.