சாவடியிலிருந்து கிராமச் செயலகம் வரை

கிராமச் செயலகம் என்ற பேரு இப்போ அடிக்கடி காதுல விழுது. 2022 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில், 600 ஊராட்சிகளில் இதைக் கட்டப்போவதாக அறிவித்தார். ஊராட்சித் தலைவர், செயலர், வி.ஏ.ஓ. எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே உட்காரணும், கூட்டம் போட ஒரு ஹாலும் இருக்கணும். திட்டம் அவ்வளவுதான். பட்டணத்தில் இருக்கிற உங்களுக்கு இதில் என்ன பெரிசுன்னு தோணலாம். சம்பா பயிருக்கு இன்சூரன்ஸ் கட்டப் போற விவசாயியைக் கேட்டுப் பாருங்க. அடங்கலுக்கு வி.ஏ.ஓ.வைத் தேடணும். அவர் பக்கத்து ஊரையும் சேர்த்துப் பார்க்கிறவர், இன்னிக்கு எங்கே இருப்பார்னு தலையாரிக்குத்தான் தெரியும். வீட்டு வரி கட்ட ஊராட்சி ஆபீஸ், அது ஊரோட இன்னொரு மூலை. சொசைட்டி வேற தெருவு. கடைசித் தேதி நெருங்குற நேரத்தில் சேத்துக்காலோட இப்படி அலையறதுதான் எங்க கணக்கில் ஒரு நாள் கூலி.

ஆனா எல்லாத்தையும் ஒரே இடத்தில் வைக்கிறது நமக்குப் புதுசு இல்லை. உடனே உத்திரமேரூர் கல்வெட்டுன்னு ஆரம்பிச்சிடுவீங்க, தெரியும். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919லயும் 921லயும் வெட்டினது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம்னு வேலையைப் பிரிச்சு, குடவோலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தாங்க. பெருமைதான். ஆனா அந்தச் சபையில் உறுப்பினராகச் சொந்த நிலம் வேணும், சொந்த மனையில் வீடு வேணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். அந்த நிலத்தில் நாத்து நட்டவங்க பேரு எந்தக் குடத்திலும் விழுந்திருக்காது.

எங்க பக்கத்து ஊர்களில் பெரியவங்க நினைவு எட்டுற தூரத்தில் இருந்தது சாவடி. நாலு தூண், ஓட்டுக்கூரை, முன்பக்கம் சுவரே கிடையாது. பட்டாமணியார் கிஸ்தி வசூல் பண்றது அங்கே. கர்ணம் கணக்குக் கட்டைப் பிரிக்கிறதும் அங்கே. வழிப்போக்கன் ராத்திரி படுத்துக்குவான், வரப்புச் சண்டைக்குப் பஞ்சாயத்து நடக்கும், சில ஊர்ல வாத்தியார் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்ததும் அதே திண்ணைதான். இன்னிக்குச் சொல்ற பல்நோக்குக் கட்டடம் அப்பவே இருந்தது. சுவர் இல்லாத அந்தக் கட்டடத்துக்குள்ளயும் எல்லாரும் போக முடியலைங்கிறதுதான் விஷயம். சேரிக்காரங்க தெருவிலேயே துண்டை இடுப்பில் கட்டி நின்னுதான் பதில் சொல்லணும்.

இதை மீறி எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது ஒரு பொருள்தான்னு நான் நினைக்கிறேன்: பஞ்சாயத்து ரேடியோ. சின்ன ரூம், உள்ளே பூட்டு போட்ட ஒரு பெட்டி, வெளியே மரத்தில் கட்டின குழாய் ஸ்பீக்கர். சாயங்காலம் செய்தி, பாட்டு, விவசாய நிகழ்ச்சி. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 ரகம் வந்தப்போ அதைப் பத்தித் தஞ்சாவூர் ஜில்லா தெரிஞ்சிக்கிட்டது பெரும்பாலும் திருச்சி வானொலி மூலமாத்தான். அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்'னு பேரு விழுந்தது. குழாய் ஸ்பீக்கர்ல வர்ற சத்தத்தைக் கேட்க யாரும் யார் திண்ணையிலும் ஏற வேண்டியதில்லை. காலனியில் உட்கார்ந்துகிட்டே கேட்கலாம்.

அடுத்த பெரிய மாற்றம் 1980 நவம்பர். எம்.ஜி.ஆர். ஆட்சி பரம்பரைக் கர்ணம், மணியம் வேலைகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழிச்சது. அதுவரைக்கும் ஊர்க் கணக்கு கர்ணம் வீட்டுப் பெட்டிக்குள்ளதான். உன் நிலம் எவ்வளவுன்னு உனக்குத் தெரியணும்னா அவர் திண்ணைக்குப் போகணும், அவர் மனசும் இரங்கணும். இந்தச் சட்டத்துக்கு அப்புறம்தான் வி.ஏ.ஓ. வந்தார், அவருக்குன்னு ஆபீஸும் வந்தது. கணக்கு ஒரு குடும்பத்தோட சொத்தா இருந்தது போய் அரசாங்கத்துக் காகிதமா ஆனது சின்ன விஷயம் இல்லை. இதைப் பத்தித் தனியாவே ஒரு நாள் எழுதணும்.

அதே காலத்துலதான் கட்டடங்கள் சிதற ஆரம்பிச்சது. 1975ல் தொடங்கின ஐ.சி.டி.எஸ். திட்டத்துக்கு அங்கன்வாடி. 1982ல் சத்துணவு, அதுக்குத் தனிக் கூடம். துணை சுகாதார நிலையம், ரேஷன் கடை, டிவி ரூம். 2006ல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தப்போ ஊராட்சி தோறும் நூலகம். மகளிர் குழுவுக்கு ஒரு கட்டடம். நூறு நாள் வேலைத் திட்ட நிதியில் சேவை மையக் கட்டடம். ஏன் இப்படிப் பிரிஞ்சதுன்னா, ஒவ்வொன்றுக்கும் துறை வேற, நிதி வேற. பணம் வந்த வருஷத்துக்குள்ள செலவழிச்சாகணும். எங்கே புறம்போக்கு கிடைச்சதோ அங்கே அஸ்திவாரம் போட்டாச்சு. அந்தத் துறைக்காரருக்கு அது முடிஞ்ச வேலை, கல்வெட்டும் வெச்சாச்சு. பூட்டு போட, வெள்ளையடிக்க, ஒழுகினா ஓடு மாத்த யாரும் காசு ஒதுக்கலை. வீட்டுக்கு வீடு இலவச டிவி வந்ததும் டிவி ரூம் ஆட்டுக்கொட்டகை ஆச்சு. நூலகம் பல ஊர்ல பூட்டியே கிடக்கு.

ஆக, ஒண்ணா சேர்க்கணும்ங்கிறதில் எனக்கு மறுப்பு இல்லை. உள்ளே யாரு, எப்படி உட்காரப் போறாங்கன்னுதான் கவலை.

1994 ஊராட்சிச் சட்டத்துக்கு அப்புறம் 1996ல் நடந்த தேர்தலில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவி ஒதுக்கினாங்க. மதுரை மாவட்டம் மேலவளவில் ஜெயிச்ச முருகேசனை ஊராட்சி ஆபீஸுக்குள்ளயே நிம்மதியா வேலை செய்ய விடலை. 1997 ஜூன் 30ல், பஸ்ஸில் வந்துகிட்டிருந்தவரை, கூட இருந்தவர்களோட சேர்த்து வெட்டிக் கொன்னாங்க. அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரைக்கும் தலைவர் நாற்காலி நிலைக்கவே இல்லை. இதெல்லாம் பழைய கதைன்னு தள்ள முடியாது. 2020ல் சிதம்பரம் பக்கம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவியைக் கூட்டத்தில் தரையில் உட்கார வெச்ச படம் வெளியே வந்தது. அங்கே கட்டடம் இருந்தது, நாற்காலியும் இருந்தது.

இன்னொரு விஷயம் ஆள். பக்கத்து ஆந்திராவில் 2019 அக்டோபர் 2ல் கிராமச் செயலகம் தொடங்கினப்போ, அதுக்காகவே ஒரு லட்சத்துக்கும் மேல் புதுசா ஆள் எடுத்தாங்க. அதில் குறை சொல்றவங்க உண்டு, ஆனா உள்ளே மனுஷங்க இருக்காங்க. நம்ம பக்கம் ரெண்டு ஊரைப் பார்க்கிற வி.ஏ.ஓ. புதுக் கட்டடத்திலும் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வருவார்னா, முந்தி நாலு கதவு பூட்டியிருந்ததுக்குப் பதிலா இனிமே ஒரு கதவு பூட்டியிருக்கும்.

எங்க ஊராட்சியிலும் புதுக் கட்டடத்துக்கு இடம் பார்க்கிறாங்க. மூணு இடம் பேச்சில் இருக்கு. ஒண்ணு பழைய சாவடி மனை, கோயில் தெருவுக்குள்ள. இன்னொண்ணு மெயின் ரோட்டு ஓரம். பஸ் நிக்கும், ஆனா மழைக்குத் தண்ணி தேங்கும். மூணாவது, காலனிக்கும் ஊருக்கும் நடுவில் வாய்க்கால் மதகு பக்கத்துப் புறம்போக்கு. கிராம சபை முன்னாடி வருஷத்துக்கு நாலு நாள், இப்போ மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறு நாள். போன சபையில் காலனிப் பெண்கள் பதினைஞ்சு பேருக்கு மேல வந்து, மதகுப் பக்கத்து இடத்தைத் தீர்மானமா எழுதச் சொன்னாங்க. பெரிய தெருக்காரங்க அது ரொம்பத் தூரம்னாங்க. நடந்து பார்த்தா சாவடியிலிருந்து முந்நூறு அடிகூட இருக்காது. தீர்மானப் புத்தகத்தில் 'இடம் பின்னர் முடிவு செய்யப்படும்'னு எழுதியிருக்கு. அடுத்த சபை நவம்பர் 1, நடவு மும்முரமா இருக்கும் நேரம்.