அட்டை எங்கே போச்சு?

பாட்டியிடம் ‘பொன்னியின் செல்வன்’ பைண்டு வால்யூம் ஒன்று உண்டு. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் தொடராக வந்தபோது வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணியது. மணியத்தின் ஓவியங்கள் அப்படியே இருக்கின்றன. ஓர் இதழின் அட்டைகூட இல்லை. கேட்டால், “அட்டையை வெச்சு என்னடா பண்றது? கதைதானே வேணும்” என்பார்.

அன்று பல வீடுகளில் நடந்ததுதான் இது. பழைய அட்டைகள் இன்று அரிதாகிப்போனதற்கு இந்தக் கதைப்பித்தும் ஒரு காரணம்.

போன வருடம் பழைய ‘கல்கி’ அட்டை ஒன்றை வாங்கி, ஃப்ரேம் போட்டு மாட்டினேன். உள்பக்கங்களைக் கடைக்காரர் ஏற்கெனவே எடைக்குப் போட்டிருந்தார். ஜன்னல் வெயிலில் சிவப்பு வெளுக்கத் தொடங்கியபோதுதான் உறைத்தது. பாட்டி கதைக்காக அட்டையை விட்டார். நான் அட்டைக்காகக் கதையை விட்டிருக்கிறேன்.

கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். நூல், இதழ், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று எதையும் அற்பமாக நினைக்காமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனாலும் சேகரிப்பு சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைத்தது. ஓர் இதழை முழுசாகப் புரட்டும்போதுதான், அட்டையிலிருக்கும் பெண் எந்த வாரம், என்ன விலைக்கு, எந்தெந்த விளம்பரங்களோடு வீடு வந்தாள் என்பது தெரியும். அதுதானே வரலாறு?

இப்போது என் சுவரில் இருப்பது ஸ்கேன் பிரிண்ட். அசல் அட்டை அமிலமற்ற உறைக்குள், பாட்டியின் வால்யூம் பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழு இதழ் ஆகாது.